சோடியம் ஹைட்ரைடு: டப்பாவைத் திறப்பது முதல் குடுவையைக் கழுவுவது வரை

கரிம வேதியியல் ஆய்வகத்தில் சேரும் மாணவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பொருட்களில் ஒன்று சோடியம் ஹைட்ரைடு. சாம்பல் நிறத்தில், எண்ணெய்ப் பசையோடு, ஈரமான மாவு மாதிரி ஒரு டப்பாவில் இருக்கும். சீனியர் ஒருவர் அளவு சொல்வார்: "ஐஸ்ல வச்சு மெதுவாப் போடு, நுரைக்கும், பயப்படாதே." பெரும்பாலும் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தூள் ஏன் நுரைக்கிறது, ஏன் சில நாள் வேலை செய்வதில்லை, எந்தக் கரைப்பானோடு சேர்ந்தால் வெடிக்கும் என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களையும் மருந்துத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சோடியம் ஹைட்ரைடு எந்தச் சாதாரணக் கரிமக் கரைப்பானிலும் கரையாது. அதன் வினைகள் எல்லாம் திண்மத் துகளின் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. அதன் நல்ல குணமும் கெட்ட குணமும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

ஹைட்ரஜன் என்றதும் நேர்மின் சுமை கொண்ட புரோட்டான்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே நிலைமை நேர்மாறு. சோடியம் தன் எலக்ட்ரானை ஹைட்ரஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரே ஒரு புரோட்டான் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரைடு அயனி உருவாகிறது. எலக்ட்ரான் அமைப்பில் அது ஹீலியத்தைப் போன்றது. ஆனால் ஹீலியத்தில் இரண்டு புரோட்டான்கள் செய்யும் வேலையை இங்கே ஒன்றே செய்ய வேண்டியிருப்பதால், எலக்ட்ரான் மேகம் தளர்ந்து பெருத்திருக்கும். படிக அமைப்பு சமையல் உப்பின் அதே கனசதுர அமைப்பு. சோடியத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான தூரம் 244 பிக்கோமீட்டர். சோடியம் ஃபுளோரைடில் அதற்கு ஈடான தூரம் 231. அதாவது, தனிம அட்டவணையின் மிக லேசான அணு இந்தப் படிகத்தில் ஃபுளோரைடு அயனியைவிடச் சற்றுப் பெரிதாக உட்கார்ந்திருக்கிறது.

இது எவ்வளவு சிரமப்பட்டு உருவான உப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். எல்லாம் ஒரு மோலுக்கு, கிலோஜூலில். சோடியத்தை ஆவியாக்க 108, அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496, ஹைட்ரஜன் மூலக்கூறைப் பாதி உடைக்க 218 செலவாகிறது. ஹைட்ரஜன் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 73 மட்டுமே. ஃபுளோரினாக இருந்தால் 328 கிடைத்திருக்கும். ஆக, நிகரச் செலவு 749. இதை ஈடுகட்டுவது படிகக்கூடு ஆற்றல், அதாவது அயனிகள் படிகமாகச் சேரும்போது வெளிவரும் ஆற்றல், சுமார் 805. மிச்சம் வெறும் 56. சோடியம் குளோரைடில் இந்த மிச்சம் 411. சோடியம் ஹைட்ரைடு உப்புதான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் பிரிந்துபோகத் தயாராக இருக்கும் உப்பு. அதன் வேகம் இங்கிருந்து வருகிறது.

ஹைட்ரஜன் எதிர்மின் அயனியாக இருக்கிறது என்பதற்கு நேரடி ஆதாரம் 1920-ல் கிடைத்தது. உருகிய லித்தியம் ஹைட்ரைடை மின்னாற்பகுப்பு செய்தபோது ஹைட்ரஜன் வாயு நேர்மின்முனையில் வெளிவந்தது. நீரை மின்னாற்பகுக்கும்போது நடப்பதற்கு இது தலைகீழ். சோதனைக்கு லித்தியம் ஹைட்ரைடு தோதாக இருந்ததற்குக் காரணம் உண்டு: அது சுமார் 690 டிகிரி செல்சியஸில் பெரிதாகச் சிதையாமல் உருகும். சோடியம் ஹைட்ரைடோ 425 டிகிரி வாக்கிலேயே ஹைட்ரஜனை விட்டுவிட்டு மறுபடி சோடியமாகிவிடும்.

இன்னொரு விசித்திரம் அடர்த்தியில். சோடியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.97 கிராம். உலகிலேயே எடை குறைந்த தனிமத்தை அதில் சேர்த்த பிறகு அடர்த்தி 1.39 ஆகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனி, சோடியம் அணுவைவிட மிகச் சிறியது என்பதால் எல்லாம் நெருங்கி அமர்ந்துவிடுகின்றன.

காரமா, ஒடுக்கியா?

பாடப்புத்தகத்தில் ஹைட்ரைடு என்றால் ஒடுக்கி. சோடியம் போரோஹைட்ரைடும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடும் கீட்டோனை ஆல்ககாலாக மாற்றும். அப்படியானால் சுத்தமான ஹைட்ரைடு அயனியே இருக்கும் சோடியம் ஹைட்ரைடு இன்னும் பிரமாதமாக ஒடுக்க வேண்டும் அல்லவா? ஒடுக்குவதில்லை. கீட்டோனின் பக்கத்தில் வைத்தால், கார்பனைத் தாக்குவதற்குப் பதிலாகப் பக்கத்துக் கார்பனில் இருக்கும் புரோட்டானைப் பிடுங்கி ஈனோலேட்டை, அதாவது புரோட்டானை இழந்த கீட்டோனின் எதிர்மின் அயனியை, உண்டாக்கும். கரையாத படிகத்தின் மேற்பரப்பில் இறுகியிருக்கும் சிறிய ஹைட்ரைடுக்குப் புரோட்டானைப் பிடிப்பது எளிது. கார்பனைல் கார்பனோடு பிணைவது அதற்குத் தோதாக அமைவதில்லை.

காரமாக அதன் வலிமையைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். பிகேஏ மதிப்பு பெரிதாக இருந்தால் புரோட்டானைப் பிடுங்குவது கடினம், அதைப் பிடுங்கியபின் மிஞ்சும் காரம் வலியது என்று பொருள். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிகேஏ சுமார் 35. ஆல்ககாலுக்கு 16 பக்கம், டைஎத்தில் மலோனேட்டுக்கு 13. இடைவெளி அவ்வளவு பெரிது. அதைவிட முக்கியம், விளைபொருளான ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விடுகிறது. திரும்பி வர வழியில்லை. வேறு காரங்களைப் போட்டால் புரோட்டானை ஏற்ற காரம் குடுவையிலேயே தங்கி அடுத்த வினையில் மூக்கை நுழைக்கும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. சோடியம் ஹைட்ரைடை இத்தனை ஆண்டுகளாக யாராலும் ஒதுக்க முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பேன்.

ஒடுக்கவே ஒடுக்காது என்றும் சொல்லிவிட முடியாது. சுமார் 370 டிகிரியில் உருகிய காஸ்டிக் சோடாவில் 2% அளவுக்குச் சோடியம் ஹைட்ரைடைக் கரைத்து, எஃகின் மேலிருக்கும் ஆக்சைடுப் படலத்தை நீக்கும் முறை தொழிற்சாலைகளில் உண்டு. உருகிய காரத்தில் அது கரைகிறது என்பதைக் கவனியுங்கள். 2016-ல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷுன்சுகே சிபாவின் குழு, சோடியம் அயோடைடைக் கூடவே சேர்த்தால் அதே சோடியம் ஹைட்ரைடு நைட்ரைல் தொகுதியைக் கழற்றி அங்கே ஹைட்ரஜனை வைக்கும் அளவுக்கு மாறுகிறது என்று காட்டியது. போரோஹைட்ரைடின் பிறப்பும் இங்கேதான்: டிரைமெத்தில் போரேட்டோடு 250 டிகிரிக்கு மேல் சோடியம் ஹைட்ரைடை வினைப்படுத்தித்தான் பிரவுன்-ஷ்லெசிங்கர் முறையில் அதைத் தயாரிக்கிறார்கள். போரான் சேர்மங்களில் செய்த பணிக்காக 1979-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் பிரவுன்தான் அந்தப் பெயரில் இருக்கும் பிரவுன்.

டப்பாவைப் படிப்பது

உருகிய சோடியத்தை மினரல் ஆயிலில் நுண்துளிகளாகச் சிதறடித்து, 250 முதல் 300 டிகிரியில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் சோடியம் ஹைட்ரைடு கிடைக்கும். கடையில் வருவது பெரும்பாலும் எடையில் 60% ஹைட்ரைடு, மீதி எண்ணெய். காற்றின் ஈரத்திலிருந்து தூளைக் காப்பது அந்த எண்ணெய்தான். எண்ணெய் இல்லாத 95% தூளும் விற்கிறார்கள். ஆனால் அதைக் குளவ் பாக்ஸ் (ஈரமும் காற்றும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) இல்லாத ஆய்வகம் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈரக் காற்று பட்டாலே தீப்பற்றக்கூடியது அது.

தூய சேர்மம் வெண்மையானது. டப்பாவில் உள்ளது சாம்பலாக இருப்பதற்கு, வினைப்படாமல் தங்கிய சோடியத் துணுக்குகள் காரணம். சீரான சாம்பல் நிறத்தில், கட்டியில்லாமல், கரண்டியில் எடுத்தால் உதிர்ந்து விழுந்தால் நல்ல சரக்கு. ஓரங்களில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொருக்கு தட்டியிருந்தால், அந்தப் பகுதி ஏற்கெனவே சோடியம் ஹைட்ராக்சைடாக மாறிவிட்டது. கடலோர ஊர்களில், மழை நாட்களில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக எடை பார்த்தால் இது வெகு சீக்கிரம் நடக்கும். பழைய டப்பாவில் சந்தேகம் இருந்தால், சிறிதளவை எடைபோட்டு ஆல்ககாலில் வினைப்படுத்தி, வரும் ஹைட்ரஜனின் பருமனை அளந்து பாருங்கள். அரை மணி நேர வேலை. ஒரு வாரம் வீணாவதைத் தடுக்கும்.

கணக்கு

மாதிரிக்கு எளிய ஈதர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சின்னமைல் ஆல்ககால் 10 மில்லிமோல், அதாவது 1.34 கிராம். இதை பென்சைல் புரோமைடோடு சேர்த்து பென்சைல் ஈதராக்க வேண்டும். சோடியம் ஹைட்ரைடு 12 மில்லிமோல் போதும். மோலார் நிறை 24 என்பதால் தூய பொருள் 0.288 கிராம். டப்பாவில் இருப்பது 60% ஆகையால் 0.288-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: 0.48 கிராம். இந்த வகுத்தலை மறந்துவிட்டு, வினை பாதியில் நின்றதற்குக் கரைப்பானைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

இப்போது வாயுவைக் கணக்கிடுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. 10 மில்லிமோல் ஆல்ககால் 10 மில்லிமோல் ஹைட்ரஜனைத் தரும். அறை வெப்பநிலையில் அது சுமார் 240 மில்லி லிட்டர். மிச்சமுள்ள 2 மில்லிமோல், வினையை முடித்து அணைக்கும்போது இன்னும் 48 மில்லி லிட்டர் தரும். சிறிய அளவில் இது ஒன்றுமில்லை. இதே கணக்கில், தொழிற்சாலையில் ஒரு கிலோ 60% தூளைப் போட்டால் வெளிவருவது 600 லிட்டர். காற்றில் 4% முதல் 75% வரை எந்த விகிதத்தில் இருந்தாலும் ஹைட்ரஜன் எரியும். உடை உரசி வரும் சிறு பொறிகூட அதற்குப் போதும்.

கரைப்பான்: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்

டெட்ராஹைட்ரோஃபியூரான், சுருக்கமாக டிஎச்எஃப், முதல் தேர்வு. நீர் நீக்கிய டிஎச்எஃப் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். 25 மில்லி லிட்டர் கரைப்பானில் 18 மில்லிகிராம் நீர் இருந்தாலே ஒரு மில்லிமோல் ஹைட்ரைடு போய்விடும். போவதோடு நிற்காமல் ஹைட்ராக்சைடாக மாறி, பென்சைல் புரோமைடையும் கொஞ்சம் தின்னும்.

டிஎச்எஃப்-ல் சில வினைகள் சோம்பலாக நடக்கும். உடனே "டிஎம்எஃப்-க்கு மாத்திடு" என்பார்கள். டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு), டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) இரண்டிலும் வேகம் நிஜமாகவே கூடும். ஆனால் இந்த இரண்டு கரைப்பான்களும் சோடியம் ஹைட்ரைடோடு தாமே வினைபுரிந்து வெப்பத்தையும் வாயுவையும் உமிழும். டிஎம்எஸ்ஓ-வின் புரோட்டானை அது பிடுங்கும். அப்படி உருவாகும் சோடிய உப்பை வேதியியலாளர்கள் கோரியும் சாய்கோவ்ஸ்கியும் 1960-களில் கரிமத் தொகுப்பில் பிரபலப்படுத்தினார்கள். அதே பத்தாண்டிலேயே அந்தக் கலவை வெடித்த விபத்துகளும் பதிவாகின. டிஎம்எஃப்-இன் கதை 1982-ல் வெளிவந்தது. பெரிய கலன்களில் சோடியம் ஹைட்ரைடும் டிஎம்எஃப்-பும் கட்டுப்பாட்டை மீறிச் சூடேறிய நிகழ்வுகளை அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வார இதழில் கடிதமாக எழுதினார்கள். முழு வேகத்தில் குளிர்வித்தும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கலோரிமீட்டரில் வைத்துப் பார்த்தபோது, வெப்பம் உமிழ்வது 26 டிகிரியிலேயே தொடங்குவது தெரிந்தது. நம் ஊரில் ஏசி இல்லாத அறையின் வெப்பநிலை அதைவிட அதிகம்.

2019-ல் வந்த விரிவான கலோரிமீட்டர் ஆய்வும் டிஎம்எஸ்ஓ, டிஎம்எஃப், டைமெத்தில் அசெட்டமைடு மூன்றையும் சேர்த்து எச்சரித்தது. இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் கலவை ஆய்வுக் கட்டுரைகளில் சர்வ சாதாரணமாக வருகிறது. சிறிய குடுவையில் கண்ணாடிச் சுவர் வழியே வெப்பம் தப்பித்துவிடுகிறது, ஆபத்து தெரிவதில்லை. அளவு பெருகும்போது பருமன் கூடும் வேகத்துக்கு மேற்பரப்பு கூடாது, வெப்பம் உள்ளேயே தங்கும். ஒரு கிராமில் பத்து முறை பத்திரமாக நடந்த வினை நூறு கிராமில் பத்திரம் என்று எண்ணவே கூடாது.

என் பரிந்துரை இது. முதலில் டிஎச்எஃப்-ல் முயலுங்கள். மந்தமாக இருந்தால் 5 மோல் சதவீதம் டெட்ரா பியூட்டைல் அமோனியம் அயோடைடு சேருங்கள், நம் உதாரணத்தில் 0.18 கிராம். அதுவும் போதவில்லை என்றால் மட்டும், சிறிய அளவில், ஐஸ் குளிர்ச்சியில் டிஎம்எஃப். சூடாக்கவோ, ஹைட்ரைடையும் டிஎம்எஃப்-பையும் கலந்து இரவு முழுக்க வைத்துவிட்டுப் போகவோ வேண்டாம். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் பக்கம் போகவே கூடாது.

வினையை நடத்துவது

அடுப்பில் உலர்த்திய உருண்டைக் குடுவையை நைட்ரஜன் ஓட்டத்தில் ஆற விடுங்கள். அதில் 0.48 கிராம் தூளைப் போடுங்கள். எடை பார்க்கும் தாள் ஈரமில்லாமல் இருக்கட்டும், டப்பாவை உடனே மூடிவிடுங்கள்.

எண்ணெயைக் கழுவ வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. விளைபொருளைத் தூய்மையாக்கச் சிலிக்கா நிரப்பிய குழாயில் (column) ஏற்றும்போது ஹெக்சேனிலேயே எண்ணெய் முதலில் ஓடிவிடும். விளைபொருளும் எண்ணெய் மாதிரி முனைவற்றது என்றால் மட்டும் கழுவுங்கள். உலர்ந்த ஹெக்சேன் ஊற்றி, கலக்கி, தூள் படியும்வரை காத்திருந்து, மேலிருக்கும் திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். இரண்டு மூன்று முறை போதும். உறிஞ்சிய ஹெக்சேனில் ஹைட்ரைடுத் துகள்கள் கட்டாயம் இருக்கும். அதைக் கழிவுக் கேனில் நேரே ஊற்றாமல், ஐசோபுரோப்பனால் உள்ள பீக்கரில் துளித்துளியாக விடுங்கள். கழுவிய தூளுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை. அடுத்த நொடியே கரைப்பானை ஊற்றிவிட வேண்டும்.

20 மில்லி லிட்டர் டிஎச்எஃப் ஊற்றி ஐஸில் வையுங்கள். கிடைப்பது கரைசல் அல்ல, சாம்பல் நிறக் குழம்பு. சின்னமைல் ஆல்ககாலை மீதி 5 மில்லி லிட்டர் டிஎச்எஃப்-ல் கரைத்துத் துளித்துளியாகச் சேருங்கள். நைட்ரஜன் பலூன் மட்டும் மாட்டி மற்ற வழிகளை அடைப்பது தவறு. வாயு வெளியேற எண்ணெய் பப்ளர் (வாயு எண்ணெய் வழியே குமிழியாக வெளியேறும் சிறு கண்ணாடிக் கலன்) ஒன்று இருக்க வேண்டும். அந்த பப்ளர்தான் உங்கள் கருவி. ஒவ்வொரு துளிக்கும் குமிழிகள் விரைந்து வரும், பிறகு தணியும். தணியாமல் அடுத்த துளியை விடாதீர்கள். துளி விட்டும் குமிழி வரவில்லை என்றால் "சரி, மெதுவான வினை போல" என்று மொத்தத்தையும் ஊற்றிவிடாதீர்கள். ஹைட்ராக்சைடு படிந்த துகள்கள் முதலில் சும்மா கிடந்து, படலம் உடைந்ததும் ஒரேயடியாகப் பொங்கும். மேற்பரப்பில் நடக்கும் வினையின் குணம் அது.

எல்லாம் சேர்த்தபின் ஐஸை எடுத்துவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை கலக்குங்கள். மறுபடி குளிர்வித்து, அயோடைடு தேவைப்பட்டால் அதையும் சேர்த்து, 11 மில்லிமோல் பென்சைல் புரோமைடை, அதாவது 1.3 மில்லி லிட்டர், மெதுவாக விடுங்கள். இது கண்ணைப் பயங்கரமாகக் கரிக்கும், ஃபியூம் ஹூடின் கண்ணாடியை இறக்கியே வையுங்கள். சோடியம் புரோமைடு வெண்மையாகப் பிரிந்து கலவை கெட்டிப்படும். டிஎல்சி-யில் (மெல்லிய சிலிக்காத் தகட்டில் சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஆல்ககாலின் புள்ளி மறைந்தால் முடிந்தது.

காற்றை உள்ளே விடாதீர்கள்

ஈரத்தைத் தடுக்கத்தான் நைட்ரஜன் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்சிஜனும் தொல்லை தரும். 2009-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் முதன்மை ஆய்விதழில் ஒரு கட்டுரை இணையத்தில் வெளியானது: சோடியம் ஹைட்ரைடு இரண்டாம் நிலை ஆல்ககாலைக் கீட்டோனாக ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்றது அது. ஒடுக்கியாகக் கருதப்படும் பொருள் ஆக்சிஜனேற்றியா என்று வேதியியல் உலகமே திகைத்தது. வாசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வலைப்பதிவு எழுதிவந்த வேதியியலாளர்கள் தங்கள் ஆய்வகத்தில் அதைத் திரும்பச் செய்து, முடிவுகளை அவ்வப்போது இணையத்தில் போட்டார்கள். குடுவைக்குள் நுழைந்த காற்றின் ஆக்சிஜன்தான் வேலையைச் செய்தது, ஹைட்ரைடு வெறுமனே ஆல்காக்சைடை (புரோட்டானை இழந்த ஆல்ககாலை) உண்டாக்கித் தந்தது என்பது தெரிந்தது. கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் வினையில் எதிர்பாராத கீட்டோன் கொஞ்சம் தென்பட்டால், முதலில் செப்டத்தையும் (குடுவை வாயின் ரப்பர் மூடி) நைட்ரஜன் குழாயையும் பாருங்கள்.

மசியவில்லை என்றால்

இடநெருக்கடி மிகுந்த மூன்றாம் நிலை ஆல்ககாலில் சோடியம் ஹைட்ரைடு திணறும். அப்போது பொட்டாசியம் ஹைட்ரைடு கைகொடுக்கும். வேதியியலாளர் டேவிட் எவன்ஸ் 1975-ல் காட்டிய ஆக்சி-கோப் மறுசீரமைப்பு (மூலக்கூறின் கார்பன் பிணைப்புகள் இடம் மாறும் ஒரு வினை) இதற்கு அழகான சான்று. ஆல்ககாலைப் பொட்டாசியம் ஆல்காக்சைடாக மாற்றியதும் வினையின் வேகம் 1000 கோடி மடங்குக்கும் மேல் கூடியது. ஆனால் பொட்டாசியம் ஹைட்ரைடு சோடியம் ஹைட்ரைடைவிட எளிதில் தீப்பிடிக்கும், பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம். லித்தியம் ஹைட்ரைடு நேர்மாறு. படிகம் இறுக்கமானது, காரமாக மந்தமானது. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு தயாரிக்க அதுதான் மூலப்பொருள்.

அணைப்பதும் கழுவுவதும்

விபத்துகள் நிறைய நடப்பது கடைசியில்தான், வினை முடிந்துவிட்டது என்று மனம் தளரும் நேரத்தில். குடுவையை மறுபடி ஐஸில் வையுங்கள், நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். டிஎச்எஃப்-ல் கலந்த ஐசோபுரோப்பனாலை முதலில் துளித்துளியாகச் சேருங்கள். மெத்தனாலைவிட அது மெதுவாக வினைபுரியும். குமிழி நின்றதும் மெத்தனால். மிச்சமிருக்கும் பென்சைல் புரோமைடையும் மெத்தாக்சைடு காலி செய்துவிடும் என்பது கூடுதல் லாபம், அதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகே அம்மோனியம் குளோரைடின் நிறைவுற்ற கரைசல். நேரடியாக நீரை ஊற்றினால், மோலுக்கு 80 கிலோஜூலுக்கு மேல் வெப்பமும் ஹைட்ரஜனும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் கிளம்பும். பக்கத்திலேயே டிஎச்எஃப் ஆவி இருக்கிறது.

தீப்பிடித்தால் நீர் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கார்பன் டைஆக்சைடு அணைப்பானும் கூடாது. ஹைட்ரைடு அதையும் ஒடுக்கி ஃபார்மேட்டாக்கும், பீய்ச்சும் வேகத்தில் எரியும் தூளும் சிதறும். உலர்ந்த மணல் வாளி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அல்லது உலோகத் தீக்கான டி வகை அணைப்பான். மணல் உண்மையிலேயே உலர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது கிளறிப் பாருங்கள்.

எடை பார்த்த தாள், ஸ்பேச்சுலா, துடைத்த டிஷ்யூ, செப்டம் எல்லாவற்றிலும் தூள் ஒட்டியிருக்கும். அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டால், அடுத்து யாராவது ஈரக் காகிதத்தை அதன்மேல் போடும்போது புகையும். அவற்றை ஹூடுக்குள்ளேயே ஐசோபுரோப்பனால் உள்ள பீக்கரில் முக்கி, குமிழி அடங்கும்வரை விட்டுவிட்டு, பிறகு வெளியே எடுங்கள். டப்பாவின் விளிம்பில் ஒட்டிய தூளை உலர்ந்த டிஷ்யூவால் துடைத்து, அதையும் அதே பீக்கரில் போட்டு, திறந்த தேதியை மூடியில் எழுதி, சிங்க் இல்லாத பக்கத்து அலமாரியில் வையுங்கள்.